போகாங் அந்துப்பூச்சி: கோடிக்கணக்கில் இருந்தது எப்படி அருகிப்போகும்?

வாசகர் கேள்வி, 2024 அக்டோபர் 3

ஆஸ்திரேலியாவின் போகாங் அந்துப்பூச்சி அழியும் நிலையில் இருப்பதாகப் பலரும் கவலைப்படுகிறார்கள். அதே ஆட்கள், ஒரு காலத்தில் அது நானூறு கோடிக்கு மேல் இருந்தது என்றும் எழுதுகிறார்கள். நானூறு கோடியில் சிறு பங்கு மிஞ்சினாலும் பல கோடி இருக்குமே, அதை எப்படி அரிய பூச்சி என்று சொல்வது? நகர விளக்குகள்தான் காரணம் என்றால் விளக்குகளை அணைத்துவிட்டால் போயிற்று. இதில் அப்படி என்ன பெரிய சிக்கல் இருக்கிறது?

2024 அக்டோபர் 4

முதலில் கணக்கைப் பார்ப்போம். தென்கிழக்கு ஆஸ்திரேலிய மலைகளுக்கு ஒரு கோடையில் வந்து சேர்ந்த போகாங் பூச்சிகள் ஏறக்குறைய 440 கோடி என்பது பழைய நிலைக்கான மதிப்பீடு. 2017இல் தொடங்கிய வறட்சியில் அவற்றில் 99.5 விழுக்காடு வரை காணாமற்போய்விட்டதாகக் குகைகளில் எண்ணியவர்கள் கணித்தார்கள். கழித்துப் பார்த்தால் மிச்சம் 2 கோடியே 20 லட்சம். நீங்கள் சொல்வதுபோல் அதுவும் கோடிதான். ஆனால் இருநூறு பேர் குடியிருந்த தெருவில் ஒரே ஒருவர் மிஞ்சியிருக்கும்போது, அந்தத் தெருவில் இன்னும் ஆள் இருக்கிறது என்று சொல்லித் திருப்தி அடைய முடியாது. 2021 டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இந்தப் பூச்சியை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சேர்த்ததற்குக் காரணம் மிஞ்சியிருக்கும் எண்ணிக்கையைவிட, அது சரிந்த வேகம்தான்.

அடுத்தது, இதன் வாழ்க்கை முறை. அக்ரோட்டிஸ் இன்ஃபூசா என்பது அறிவியல் பெயர். விரித்த இறக்கை நாலைந்து சென்டிமீட்டர் இருக்கும், பழுப்பு நிறம், பார்க்க எந்தச் சிறப்பும் இல்லாத பூச்சி. தெற்குக் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸின் வடக்கு, மேற்குப் பகுதிகள், மேற்கு விக்டோரியா ஆகிய சமவெளிகளில் இலையுதிர்காலத்தில் முட்டையிலிருந்து வெளிவரும் புழு, குளிர்காலம் முழுவதும் பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு இரவில் இளஞ்செடிகளைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வசந்தத்தில், அதாவது அந்நாட்டின் செப்டம்பர் முதல் நவம்பர் வரையான மாதங்களில், பூச்சியாக வெளிவந்து, ஆயிரம் கிலோமீட்டர் வரை இரவிலேயே பறந்து, தான் ஒருபோதும் பார்த்திராத மலை உச்சிகளுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே குளிர்ந்த பாறைக் குகைகளிலும் இடுக்குகளிலும் கோடை முழுவதும் பூந்தேன் உண்டு காலம் கழிக்கிறது. கோடை முடிந்ததும் அதே பூச்சி மீண்டும் சமவெளிக்குத் திரும்பி, இணை சேர்ந்து, முட்டையிட்டு இறக்கிறது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. வழிகாட்ட முந்தைய தலைமுறை உயிரோடு இருப்பதில்லை.

ஆகவே இந்தப் பூச்சிக்கு வீடு ஒன்றன்று, இரண்டு. இடையில் உள்ள வானத்தையும் சேர்த்தால் மூன்று.

2024 அக்டோபர் 4, இரவு

மேலே ஒரு பிழை. கோடை முழுவதும் பூந்தேன் உண்கிறது என்று எழுதிவிட்டேன். அது உண்பது பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பும் வழியிலும்தான். குகைக்குள் புகுந்தபின் ஏறக்குறைய உண்ணா நோன்பு. சேமித்த கொழுப்பைக் கொண்டே ஓட்டுகிறது. அந்திக்கும் விடியலுக்கும் ஒரு பகுதிப் பூச்சிகள் வெளியே வந்து சற்று நேரம் சுற்றிவிட்டு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். மற்ற நேரமெல்லாம் உறக்கம்தான். குளிர்காலத்தில் உறங்கும் விலங்குகளைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறோம். இது கோடையில் உறங்குகிறது.

2024 அக்டோபர் 9

இந்தப் பூச்சியைப் பற்றி நான் எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி, நான் அதைக் கொன்றவன் என்பதுதான்.

கான்பெராவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்புப் பணியில் 2003 முதல் இருந்தேன். அக்டோபர் வந்தால் எங்களுக்கு வேலை இரட்டிப்பாகும். இரவில் எரியும் முகப்பு விளக்குகளை நோக்கி வந்த பூச்சிகள் விடிந்ததும் இருட்டைத் தேடிச் சாளரச் சட்டங்களுக்குள்ளும், மின்தூக்கிக் கதவுகளின் இடுக்குகளிலும், குளிர்சாதனக் குழாய்களுக்குள்ளும் புகுந்துகொள்ளும். வடிகட்டிகளைக் கழற்றினால் பழுப்புக் கம்பளியைப்போல் ஒரு படலம் இருக்கும். தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவுபோன்ற செதிலும் ஒட்டும். தூசி உறிஞ்சியால் இழுத்து, வாளி வாளியாகக் குப்பைத் தொட்டியில் கொட்டுவோம். ஓர் இரவு புகை உணர்கருவிக்குள் பூச்சி நுழைந்து தீயெச்சரிக்கை மணி அடித்து, இரவுப் பணியில் இருந்தவர்கள் அனைவரும் குளிரில் நடைபாதையில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் பூச்சிகளை நான்தான் வளர்த்து அனுப்பினேன் என்பதுபோல் இருந்தது.

அப்போது இதெல்லாம் எனக்குத் தொல்லையாகத்தான் தெரிந்தது. 2017 அக்டோபரில் வடிகட்டிகள் சுத்தமாக இருந்தன. 2018இலும் அப்படியே. வேலை குறைந்தது என்று மகிழ்ந்ததை இங்கே ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன்.

2024 அக்டோபர் 10

வாளியில் அள்ளியதால்தான் அழிந்ததா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 440 கோடியை வாளியில் அள்ளுகிற அளவுக்கு எங்களுக்குக் கூடுதல் நேரப்படி யாரும் தரவில்லை.

2024 அக்டோபர் 27

இப்போது விளக்கு. கேள்வி கேட்டவர் விளக்கை அணைத்தால் போதுமே என்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை.

விளக்கை நோக்கிப் பூச்சி வருவது கண்ணால் காணக்கூடிய காட்சி என்பதால்தான் அதைக் காரணமாகச் சொல்வது எளிதாக இருக்கிறது. 1988இல் கான்பெராவில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட பிறகு அதன் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் திரண்டு வந்தன. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின்போது விளையாட்டரங்கின் விளக்குகளை அவை மொய்த்தன. நிறைவு விழாவில் பாடிய ஓபரா பாடகியின் உடையில் ஒன்று அமர்ந்ததை உலகமே பார்த்தது. ஆனால் மின்விளக்கு வருவதற்கு முன்பே, 1860களில், சிட்னியில் இவை கூட்டமாக இறங்கித் தேவாலய வழிபாட்டைக்கூடக் குலைத்திருக்கின்றன. மேற்கிலிருந்து பலத்த காற்று வீசினால் வழிதவறிக் கடற்கரைப் பக்கம் தள்ளப்படுவது பழைய கதை.

1980 வாக்கிலிருந்தே எண்ணிக்கை மெல்லக் குறைந்துவந்திருக்கிறது. 2017க்குப் பிறகு ஒரேயடியாகச் சரிந்தது. 2017 ஜனவரி முதல் 2019 டிசம்பர் வரையான மூன்று ஆண்டுகள் புழு வளரும் சமவெளிகள் பெரும்பாலும் அடங்கிய மரி–டார்லிங் ஆற்றுப்படுகையில் பதிவு தொடங்கிய நாளிலிருந்து இல்லாத வறண்ட மூன்றாண்டுகள். அந்த மூன்றாண்டுகளில் மட்டும் கான்பெராவின் விளக்குகள் திடீரென்று பெருகிவிடவில்லை. இலையுதிர்காலத்தில் மழை இல்லையென்றால் குளிர்காலச் செடிகள் முளைப்பதில்லை. முளை இல்லையென்றால் புழுவுக்கு உணவில்லை. அவ்வளவுதான். விளக்குக்கு நான் பத்தில் ஒரு பங்கு பழிதான் தருவேன்.

2024 நவம்பர் 12

பூச்சி போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மலையிலேயே விடை இருக்கிறது. மலைக் குள்ளப் போசம் என்று ஒரு பைப்பாலூட்டி உண்டு. 45 கிராம் எடை. சுண்டெலியைவிடச் சற்றுப் பெரியது. 1895இல் குகையில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு அறியப்பட்டது. அற்றுப்போன விலங்கு என்றே எழுபது ஆண்டுகள் நம்பினார்கள். 1966இல் விக்டோரியாவின் ஹோதம் மலையில் பனிச்சறுக்கு வீரர்கள் தங்கும் குடிலுக்குள் ஒன்று உயிரோடு நின்றது. இப்போது முதிர்ந்தவை இரண்டாயிரத்துக்கும் குறைவு.

பனிக்கடியில் ஏழு மாதம் வரை உறங்கும் இந்த விலங்கு வசந்தத்தில் எலும்பும் தோலுமாக விழிக்கும் வேளையில்தான் போகாங் பூச்சிகள் கொழுப்பைச் சுமந்துகொண்டு அதே பாறைக் குவியல்களுக்கு வந்து சேருகின்றன. பூச்சியின் உலர்எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. வெறும் வயிற்றோடு விழித்த தாய்க்கு வாசலிலேயே வந்து இறங்கும் எண்ணெய்ப் பலகாரம் அது. 2017, 2018ஆம் ஆண்டுகளின் வசந்தத்தில் பூச்சி வராமற்போகவே, விக்டோரியாவில் ஆய்வுக்குட்பட்ட பெண் போசங்களில் பெரும்பாலானவை பையிலிருந்த குட்டிகள் அனைத்தையும் இழந்தன. பால் இல்லை. 2019–20 காட்டுத்தீக்குப் பிறகு, பூச்சியின் சத்தை ஒத்த பிஸ்கட்டுகளைச் செய்து பாறைகளுக்கிடையே வைத்தார்கள். போகாங் பிஸ்கட் என்றே அதற்குப் பெயர்.

நான்கு மாதம் பூச்சிக்கு வாளி தூக்கியவன் இதைப் படித்த அன்று சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

2024 நவம்பர் 13

நான்கு மாதமன்று, ஆண்டுக்கு ஐந்தாறு வாரம்தான். உணர்ச்சிவசப்பட்டுக் கூட்டிவிட்டேன்.

2024 டிசம்பர் 2

பெயர் பற்றிய சச்சரவு. அந்துப்பூச்சி என்றால் அரிசி, கம்பளி அரிப்பதுதான் நினைவுக்கு வருகிறது, ஆகவே விட்டில் என்று எழுதுங்கள் என்று இருவர் சொல்கிறார்கள். விளக்கில் விழும் விட்டில் என்ற வழக்கு இதற்கு அழகாகப் பொருந்துகிறது என்பது உண்மையே. ஆனால் விட்டில் என்பது வெட்டுக்கிளியையும் குறிக்கும் என்று அகராதி சொல்கிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. விட்டில் என்ற சொல்லிலேயே விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இந்தப் பூச்சியின் சிக்கலை விளக்கோடு மட்டும் முடிச்சுப்போடக் கூடாது என்று வாதிடுகிறவன் அந்தச் சொல்லை எடுத்தால் பாதி வாதத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும். இதன் புழுவுக்கு உழவர்கள் வைத்த பெயர் வெட்டுப்புழு. இரவில் தண்டை நிலமட்டத்தில் வெட்டிச் சாய்ப்பதால் அந்தப் பெயர். அதில் யாருக்கும் ஐயமில்லை.

2025 ஜனவரி 19

ஜிஞ்சேரா மலைக்குப் போய்வந்தேன். கான்பெராவுக்கு மேற்கே பிரிண்டபெல்லா தொடரில் உள்ளது. பூச்சியியலாளர் இயன் காமன் 1950களின் தொடக்கத்தில் போகாங் பூச்சியின் வாழ்க்கையை முறையாக ஆராய்ந்த இடம் அது. அவருடைய ஆய்வு 1954இல் வெளிவந்தது. குகைச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 17,000 பூச்சிகள் என்ற கணக்கு அங்கிருந்து வருவது. எழுதும் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினால் அதன் அடியில் ஏறக்குறைய ஆயிரம் பூச்சிகள். முதலில் வந்தது இடுக்கின் கடைசி இருட்டில் ஒட்டிக்கொள்ள, அடுத்தது அதன் இறக்கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்ள, ஓடு வேய்ந்ததுபோல் வரிசை வரிசையாகச் சுவர் மூடப்படும்.

இது எனக்கு இரண்டாவது பயணம். முதலில் போனது 2019 ஜனவரியில். அப்போது நான் எட்டிப் பார்த்த இடுக்குகள் எல்லாம் வெறும் பாறை. தரையில் பழைய இறக்கைத் துண்டுகள் மட்டும் மக்கிக் கிடந்தன, கெட்டுப்போன எண்ணெய் வாடை இன்னும் தங்கியிருந்தது. ஆள் இல்லாத வீட்டின் சமையலறைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. இந்த முறை ஒரு பிளவுக்குள் சிவப்பு விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபோது என் முழங்கை நீளத்துக்கு ஒரு வரிசை தெரிந்தது. எண்ணவில்லை, மூச்சுக்காற்று பட்டால் கலையும் என்று உடனே பின்வாங்கினேன். வெளியே அண்டங்காக்கைகள் காத்திருந்தன. நம்மைவிட அவற்றுக்கு முகவரி நன்றாகத் தெரியும்.

உச்சிகளை நாடிச் செல்லும் எந்த உயிருக்கும் ஒரு வரம்பு உண்டு. கோடை வெப்பம் ஏறினால் தாழ்வான குகைகள் உறக்கத்துக்கு உதவாமற்போகும், இன்னும் உயரே போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த கொசியஸ்கோ சிகரமே 2,228 மீட்டர்தான். அதற்கு மேல் பாறை இல்லை.

2025 ஜனவரி 23

குகைத் தரையில் கிடந்த குப்பையைப் பற்றி மேலும் ஒன்று. ஒரு முறை பெருமழையில் குகைக்குள்ளிருந்த இறந்த பூச்சிகளின் மக்கு வெளியே அடித்துவரப்பட்டபோது, அது பரவிய இடத்தில் புல் கருகிப்போயிற்று. சோதித்தபோது ஆர்செனிக் கண்டார்கள். 2001இல் கென் கிரீனும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு பூச்சியின் உடலில் உள்ள நஞ்சு சொற்பம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வயல் மண்ணிலிருந்து புழுப்பருவத்தில் உறிஞ்சி, கோடிக்கணக்கில் சுமந்துவந்து, சில நூறு குகைகளில் கொட்டினால் அது சொற்பமாக இருப்பதில்லை. மலை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருக்கிறது, அங்கே யாரும் மருந்து தெளிப்பதில்லை. ஆனால் மருந்தே பறந்து வருகிறது.

2025 பிப்ரவரி 16

பூச்சியை உண்டவர்கள் போசமும் காகமும் மட்டுமல்லர். மலைகளைச் சூழ்ந்து வாழ்ந்த பல பழங்குடியினர் கோடைதோறும் உச்சிகளுக்கு ஏறி, பூச்சிகளைச் சுவரிலிருந்து திரட்டி, சூடான சாம்பலில் வாட்டி, இறக்கையும் காலும் நீக்கி உண்டார்கள். மாவாக இடித்து அடையாகவும் செய்தார்கள். வெவ்வேறு குழுக்கள் கூடுவதற்கும் திருமணம் பேசுவதற்கும் வழக்குத் தீர்ப்பதற்கும் அந்த விருந்துக்காலமே வாய்ப்பாக இருந்தது. விக்டோரியாவில் குனைகுர்னை மக்களின் நிலத்திலுள்ள கிளாக்ஸ் குகையில் கிடைத்த ஓர் அரைகல்லில் போகாங் பூச்சியின் எச்சங்கள் இருந்ததை 2020இல் வெளியிட்டார்கள்; அந்தக் கல்லின் காலம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. குடியேறிகள் வந்தபின் நிலமும் போயிற்று, விருந்தும் நின்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் அள்ளி உண்டும் குறையாத பூச்சி அது என்பதை, வாளிக் கணக்குக் கேட்ட நண்பர் கவனிக்கலாம்.

2025 மார்ச் 30

காட்டுக்குதிரைகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூவர் கேட்டுவிட்டார்கள். கொசியஸ்கோ பூங்காவில் குதிரைகள் ஓடையோரப் பாசிநிலங்களை மிதித்துச் சேறாக்குவது உண்மை. 2023 அக்டோபரில் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்கு நியூ சவுத் வேல்ஸ் அரசு இசைவு தந்ததும், அதன்மேல் இன்றுவரை சண்டை நடப்பதும் உண்மை. ஆனால் குதிரை குகைக்குள் நுழைவதில்லை, சமவெளியின் மழையையும் அது குடித்துவிடுவதில்லை. மலையைக் கெடுக்கும் எல்லாவற்றையும் இந்தப் பூச்சியின் கணக்கில் எழுதினால் கணக்கு பெரிதாகும், தெளிவு குறையும். குதிரைக்கு வேறோர் இழை தொடங்குங்கள்; நான் வரமாட்டேன்.

2025 மே 11

இந்த இழையில் நான் எழுதியவற்றிலேயே முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். முன்பே எழுதியிருக்க வேண்டியது.

பழைய பணித்தோழர் ஒருவரின் மாமா நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கில் நாரப்ரைப் பக்கம் கோதுமையும் கொண்டைக்கடலையும் பயிரிடுகிறார். கான்பெராவிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். மலை என்ற சொல்லுக்கே இடமில்லாத கரிசல் பூமி. கோடையில் பாளம்பாளமாக வெடித்து, மழைபட்டால் காலணியைப் பிடித்து இழுக்கும் மண். விதைப்புக்கு அணியமாகிக்கொண்டிருந்தார். போகாங் பூச்சியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றபோது அவர் சிரித்தார். "அது மலைக்காரர்களின் பூச்சியல்லவா, இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்றார். வெட்டுப்புழு தெரியுமா என்று கேட்டேன். முகம் மாறியது. தெரியாமல் என்ன, முளைவிட்ட வரிசையை ஓர் இரவில் முடித்துவிடும், கண்டால் மாலையில் மருந்தடிப்பேன் என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னபோது அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார், பிறகு தன் நிலத்தைப் பார்த்தார். அறுபது ஆண்டுகளாக அதே மண்ணில் இருப்பவர். விளக்கில் விழுந்த பூச்சியையும் வரிசையை வெட்டிய புழுவையும் தனித்தனியாக அறிந்தவர்.

அவருடைய தந்தை காலத்தில் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் நிலம் தரிசாகக் கிடக்கும், அகன்ற இலைக் களைகள் முளைக்கும், ஆடு மேயும், பிறகு உழுவார்கள். இப்போது உழுவதில்லை, களைக்கொல்லி அடித்து மண்ணின் ஈரத்தைக் காக்கிறார்கள். ஈரத்துக்கு அது நல்லது, மண் அரிப்புக்கும் நல்லது. ஆனால் அந்தக் களைகள்தான் புழுவின் தொட்டில். 1980 வாக்கிலிருந்து தொடங்கிய மெதுவான சரிவுக்கு இந்த மாற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஐயப்படுவதை அந்த வரப்பில்லாத வயலில் நின்றபோதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழை குறைந்த ஊரில் ஈரத்தைக் காப்பவரிடம், ஒரு பூச்சிக்காகக் களையை வளருங்கள் என்று நகரத்திலிருந்து வந்தவன் எந்த முகத்தோடு சொல்வது?

மலையில் குகைக்குக் காவல் போடலாம், போசத்துக்குப் பிஸ்கட் வைக்கலாம். அந்தப் பூச்சி அங்கே விருந்தாளி, பிறந்த வீட்டில் அது எதிரி. அதைக் காப்பாற்ற நினைப்பவர்களும் அதற்கு மருந்தடிப்பவர்களும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை.

2025 மே 12

"ஒரு பெண் பூச்சி இரண்டாயிரம் முட்டை வரை இடுமே, நல்ல மழை பெய்தால் ஒரே ஆண்டில் மீளாதா?" என்ற கேள்வி நியாயமானது. மீளக்கூடும், அந்த வளம்தான் எனக்குள்ள நம்பிக்கை. 2020க்குப் பிறகு மழை திரும்பியபோது பூச்சியும் ஓரளவு திரும்பியது. ஆனால் முட்டை இரண்டாயிரம் என்பது இழப்பும் அவ்வளவு பெரிது என்பதன் மறுபக்கம்தான். அடுத்தடுத்து மூன்று வறண்ட இலையுதிர்காலங்கள் வந்தால் இரண்டாயிரத்தைப் பூச்சியத்தால் பெருக்குவதாகிவிடும்.

2025 ஜூன் 20

விளக்குக்குப் பத்தில் ஒரு பங்கு என்று அக்டோபரில் எழுதியதை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரன்ட் குழுவினர் 2018இல், இந்தப் பூச்சி புவியின் காந்தப்புலத்தையும் கண்ணில் படும் அடையாளங்களையும் இணைத்துத் திசை அறிகிறது என்று காட்டியிருந்தார்கள். இந்த வாரம் நேச்சர் இதழில் அடுத்த ஆய்வு வந்திருக்கிறது. காந்தப்புலத்தை நீக்கிய அறைக்குள் பூச்சியை மெல்லிய தண்டில் பொருத்திப் பறக்கவிட்டு, தலைக்கு மேல் அந்தப் பருவத்தின் விண்மீன் வானத்தைக் காட்டினால், வசந்தத்தில் பிடித்தது தெற்கு நோக்கியும் இலையுதிர்காலத்தில் பிடித்தது வடக்கு நோக்கியும் பறந்தது. வானத்தை 180 பாகை திருப்பியபோது பூச்சியும் திரும்பியது. விண்மீன்களை இடம் மாற்றிச் சிதறடித்தபோது திசை குழம்பியது. தொலைதூரப் பயணத்துக்கு விண்மீன்களைத் திசைகாட்டியாகக் கொள்ளும் முதுகெலும்பற்ற உயிர் என்று முதன்முதலாக அறியப்பட்டது இதுவே. அரிசிமணி அளவுகூட இல்லாத மூளை அது.

வானத்தைப் படித்துப் போகிற பூச்சிக்கு, அந்த வானத்தையே வெளுக்கச் செய்யும் நகர ஒளி வெறும் கவர்ச்சியாக மட்டும் இருக்க முடியுமா? கட்டடத்துக்கு வந்து மோதியவற்றை மட்டுமே நான் எண்ணினேன். மோதாமல், குழம்பி, வேறு திசையில் போனவற்றை எந்த வடிகட்டியும் காட்டியிருக்காது. பத்தில் ஒன்று என்பதைத் திரும்பப் பெறுகிறேன். எத்தனை என்று புதிதாகச் சொல்லவும் மாட்டேன். முதல் முறையே அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

2025 ஜூன் 21

அப்படியானால் நான் கேட்டதுதான் சரி என்று கேள்வி கேட்டவர் எட்டு மாதத்துக்குப் பிறகு வந்து எழுதியிருக்கிறார். பாதி சரி. அதே ஆய்வில் மேகமூட்டத்தின்போது காந்தப்புலத்தைக் கொண்டு பூச்சி சமாளிக்கிறது என்றும் இருக்கிறது. அதனிடம் இரண்டு திசைகாட்டிகள் உள்ளன. நீங்கள் விளக்கை அணைத்தபின் எல்லாம் சரியாகிவிடும் என்றீர்கள். விளக்கை அணைத்தால் நாரப்ரையில் மழை பெய்யாது.

2025 செப்டம்பர் 28

விக்டோரியாவின் விலங்குக்காட்சியகங்கள் நடத்தும், அந்துப்பூச்சிகளுக்காக விளக்கணைக்கும் இயக்கத்தில் இந்த ஆண்டு எங்கள் வீடும் சேர்ந்தது. முற்றத்து விளக்கைச் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை எரிப்பதில்லை. மூன்றாம் இரவே இருட்டில் குப்பைத்தொட்டியில் இடித்துக்கொண்டு முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குப்பைத்தொட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு வாளிக் கதை தெரியும்.

2025 அக்டோபர் 26

மாத் டிராக்கர் என்ற தளத்தில் பார்த்த பூச்சியின் படத்தை ஏற்றினால், அறிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்வார்கள். போகாங் பூச்சிக்கு முன்னிறக்கையில் அம்பு போன்ற கரும்பட்டையும், அதை இடைமறிக்கும் இரண்டு வெளிர் புள்ளிகளும் இருக்க வேண்டும். நேற்றிரவு குளியலறைச் சாளரத்தில் இரண்டு ஒட்டியிருந்தன. ஆறேழு ஆண்டுகளாக இந்தச் சாளரத்தில் பார்க்காதவை. இரண்டையும் படமெடுத்து ஏற்றினேன்.

2025 நவம்பர் 2

விடை வந்துவிட்டது. முதலாவது போகாங் அன்று. அதன் உறவான வேறொரு வெட்டுப்புழு அந்து, பார்ப்பதற்கு அதே பழுப்பு. இரண்டாவது போகாங்காக இருக்கக்கூடும் என்றும், படம் மிகவும் இருட்டாக இருப்பதால் உறுதி சொல்ல இயலவில்லை என்றும், அடுத்த முறை சற்று வெளிச்சத்தில் எடுத்து அனுப்பும்படியும் எழுதியிருக்கிறார்கள்.